மிதவைப் பலகையும் கேட்கக் கூடாத கேள்வியும்

முதலில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். நான் எழுதிப் பழகிய ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சிட்டையும் மாதர் சங்கத்துக்கு ஒன்றிரண்டு கடிதமும்தான். படித்தவர்கள் எழுதும் மலரில் என் பெயரும் வரப்போகிறது என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. கதைப்பதென்றால் எனக்கு இன்னும் மோசம். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தர்சினி கேட்டதற்கு "எழுதித் தாறன்" என்று சொல்லித் தப்பினேன்.

தர்சினி இப்போது எங்கள் கரையின் தொண்டர் குழுவை நடத்துகிற பிள்ளை. கண்ணில் சத்திர சிகிச்சை செய்த பிறகு நான் விலகிக்கொண்டேன். கடலைப் பார்க்கிற வேலைக்குக் கண் வேண்டும். என் இடத்துக்கு இப்போது போனில் ஒரு முறை வந்திருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் போனிலேயே பதில் போட்டுவிட்டுப் போகலாம். எத்தனை பேர், எவ்வளவு எண்ணெய், எப்போது திரும்புவீர்கள் என்று கேள்விகள் வரும். நல்ல முறை. எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

ஆனால் தர்சினி ஒருநாள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு கேட்டாள்: "அக்கா, எல்லாக் கேள்விக்கும் பதில் போடினம். 'எங்கே போகிறீர்கள்' எண்டதுக்கு மட்டும் ஒருத்தரும் போடினமில்லை. என்ன, எங்களை நம்பினமில்லையோ?"

அவள் வவுனியாவில் வளர்ந்தவள். எங்கள் கரையில் பிறந்த ஒருவரும் அந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டார்கள். கடலுக்கு இறங்குகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. பெண்சாதியும் கேட்க மாட்டாள், தாயும் கேட்க மாட்டாள். கேட்டால் அன்றைக்குத் தொழில் சரிவராது என்பார்கள். சிலர் வலையைத் திரும்ப இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு படகு வராமல் போனால் தேடப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது.

நான் குழுவில் சேர்ந்தது யுத்தம் முடிந்து மீளக் குடியேறிக் கொஞ்சக் காலத்தின் பின். கரையில் வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்துவதுதான் என் தொழில். வாடி என்பது மீன்பிடிச் சாமான்கள் வைக்கிற ஓலைக் கொட்டில். வெளியிலிருந்து சிலர் வந்து கோயில் மண்டபத்தில் பயிற்சி தந்தார்கள். கயிறு எறிவது, தண்ணீர் குடித்தவரைச் சரித்துப் படுக்க வைப்பது, கடலை ஒட்டிய களப்பில் உயிர்காப்பு அங்கியோடு மிதப்பது என்று சில நாட்கள். பெண்கள் மூன்று பேர் சேர்ந்தோம். மற்ற இருவரும் களப்பில் இறங்கச் சொன்ன அன்று நின்றுவிட்டார்கள். நான் மட்டும் நிற்காததற்குத் துணிவு காரணம் இல்லை. வரமாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இறங்கினேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சூசை அண்ணர். முன்பு படகு எஞ்சின் திருத்துகிறவர். அவரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் உயிர்காப்பு அங்கியை வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் வெளிக்கிடுவார் என்பது. செம்மஞ்சள் அங்கியோடு சைக்கிளில் சந்தை வழியாக வருவார். படகில் வைத்திருந்தால் மறந்துபோகும், உடம்பில் இருந்தால் மறக்காது என்பது அவருடைய கணக்கு. சந்தையடியில் இருக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

"சூசையண்ணை, றோட்டிலயும் தண்ணி வந்திட்டுதோ?"

"இன்னும் வரேல்லை," என்பார். சைக்கிளை நிறுத்த மாட்டார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடங்களுக்கும் கோயில் கூட்டங்களுக்கும் போய் அங்கி போடுவது பற்றிக் கதைப்போம் என்று எழுதினால் அது பொய். அவர் கதைப்பார், நான் பக்கத்தில் நின்று அங்கியைத் தூக்கிப் பிடிப்பேன். ஒருமுறை ஒருவர், "எங்கட அப்பு இதைப் போட்டோ கடலுக்குப் போனவர்?" என்று கேட்டார்.  "உங்கட அப்பு மேசைப் பந்து மாதிரி மிதக்கிற ஆளெண்டு கேள்விப்பட்டனான். நாங்கள் அப்பிடி இல்லையே," என்றார் சூசை அண்ணர். கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த கிழமை அவருடைய படகில் ஒரு அங்கி இருந்தது. அதை மடித்து அதற்கு மேல் குந்தியிருந்தார். ஆனாலும் படகில் இருந்தது.

எங்கள் குழுவுக்கு ஒரு பைபர் படகு தந்திருந்தார்கள். அதைத் தள்ளுவதற்கு முன் சூசை அண்ணர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு சாமானாகப் பெயர் சொல்வார். மற்றவர் ஒருவர் அதைக் கையால் தொட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

"அங்கி?"

"இருக்கு."

"எண்ணெய்?"

"இருக்கு."

"எஞ்சின் பிளக்?"

"இருக்கு."

"குடி தண்ணி?"

"இருக்கு."

தலையாட்டினால் ஏற்க மாட்டார். "ம்" என்றாலும் ஏற்க மாட்டார். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். "கண்ணாலை பாத்துச் சொல்லாதேங்கோ. கண் நேற்றுப் பாத்ததைத்தான் இண்டைக்கும் காட்டும். கையாலை தொட்டுச் சொல்லுங்கோ," என்பார். பெரும்பாலும் பதில் சொல்கிற ஆள் நான்தான். ஒரே சொல் என்பதால் எனக்கும் அது வசதியாக இருந்தது.

பலகையும் அவருடைய யோசனைதான். எங்கே போகிறாய் என்று கேட்க முடியாது. சரி, கேட்காமலே சொல்லவைப்போம் என்று வாடியின் முன்னால் ஒரு பலகையை நட்டார். அதற்கு எதிரில் நின்றால் நாம் கடலைப் பார்த்து நிற்போம். இடப்பக்க வரிசை ஆணிகள் வடக்கு, வலப்பக்கம் தெற்கு, நடுவில் ஆழ்கடல். ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு நிறம் பூசிய வலை மிதவை. போகும்போது மாட்டுவது, வந்ததும் கழற்றுவது. அவ்வளவுதான்.

முதலில் ஒருவரும் மாட்டவில்லை. எங்கே போகிறோம் என்பதை ஆணியில் சொன்னாலும் சொன்னதுதானே என்றார்கள். அதற்குச் சூசை அண்ணர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "இது நீங்கள் போற பக்கத்தைச் சொல்லுற ஆணி இல்லை. எந்தப் பக்கத்தால திரும்பி வருவியள் எண்டு சொல்லுற ஆணி. வாறதைச் சொல்லுறதில என்ன குற்றம்?"

 பிறகு ஒவ்வொருவராக மாட்டத் தொடங்கினார்கள். நாங்கள் வீட்டை விட்டு இறங்கும்போதும் போகிறேன் என்று சொல்வதில்லை, போட்டு வாறன் என்றுதான் சொல்கிறோம். அதனால் அது அவர்களுக்குப் பொருந்திப்போனது.

பலகையைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். "வேற ஆரும் எண்டால் 'ஏன் இண்டைக்குத் தெற்கு' எண்டு கேட்டிடுவினம். நீர் கேக்க மாட்டீர், பிள்ளை," என்றார். என் கூச்சத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்று முதல் முதலாகச் சொன்னவர் அவர்தான்.

விடியக் கிழக்கு வெளிக்கும்போது பலகை நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் குறையும். மத்தியானத்துக்கு வெறும் பலகையாகிவிட வேண்டும். வெறும் பலகையைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒன்றை மட்டும் சூசை அண்ணர் யோசிக்கவில்லை. நல்ல மீனோடு வருகிறவனின் மிதவை எந்தப் பக்கம் தொங்கியது என்று மற்றவர்களும் பார்ப்பார்கள். பார்த்தால் அடுத்த நாள் அந்தப் பக்கம் போவார்கள். அதில் அதிகம் பாதிக்கப்பட்டவன் டொமினிக். நல்ல தொழிலாளி, என்னைவிட வயதில் குறைந்தவன். கடலுக்கடியில் மீன் கூடும் கல்லுத் திட்டு ஒன்றை, நாங்கள் பார் என்று சொல்வதை, அவன் கண்டுபிடித்திருந்தான். பெரிய மீனாகக் கொண்டுவருவான். எங்கே பிடித்தாய் என்று கேட்டால், "கடலுக்குள்ள," என்பான்.

அவனோடு தொழிலுக்குப் போகிறவர் முருகையா அண்ணை. ஸ்கந்தபுரத்துக்காரர். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அங்கே நிலக்கடலைத் தோட்டம் இருக்கிறது. மழை பிந்துகிற காலத்தில் எங்கள் கரைக்கு வந்து வாடியில் தங்கி வேலை செய்வார். நீச்சல் அரைகுறை. அதனால் எங்கள் கரையில் சொல்லாமலே அங்கி போடுகிற ஒரே ஆள் அவர்தான். இன்னொரு பழக்கமும் இருந்தது. படகில் ஏறுவதற்கு முன் பெண்சாதி கமலாவுக்குப் போன் எடுப்பார். சத்தமாகத்தான் கதைப்பார், ஆனால் வாடியின் பின்பக்கம் போய்விடுவார். எல்லாருக்கும் அது பகிடி. இன்னொரு படகுக்காரனான வின்சன், "முருகையாண்ணை மனுசிக்கு வானிலை அறிக்கை வாசிக்கிறார், ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ," என்பான். வின்சனுக்கு வாய் நீளம், மனம் நல்லது.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் வேலை செய்தால் பயமில்லை. எஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, வெளியே வெளியே போய்க்கொண்டிருக்கும். அன்று சனிக்கிழமை. மத்தியானம் பலகையில் ஒரு மிதவை மட்டும் நின்றது. மஞ்சளில் கறுப்பு வளையம் போட்ட டொமினிக்கின் மிதவை. வடக்கு வரிசையில் தொங்கியது.

நான் வலையை வைத்துவிட்டுப் போய்ச் சூசை அண்ணரிடம் சொன்னேன். அவர் வந்து பலகையைப் பார்த்தார். டொமினிக்கின் போனுக்கு எடுத்தார், கிடைக்கவில்லை. தேடுதல் அதிகாரிகளுக்கு அறிவித்தார். அவர்களுடைய படகு தூரத்திலிருந்து வர வேண்டும். எந்தப் பக்கம் என்று அவர்களும் கேட்டார்கள். "வடக்கு," என்றார். எங்கள் படகைத் தயார் செய்யச் சொன்னார்.

அப்போதுதான் வின்சன் வந்தான். பலகையைப் பார்த்துவிட்டு, "வடக்கோ? அந்த மிதவையை நம்பி வடக்க போனீங்களெண்டால் பளைக் கரையில போய்த்தான் ஏறுவியள்," என்றான்.

"என்னடா சொல்லுறாய்?"

"அவன் ஒருநாளும் சரியான ஆணியில மாட்டிறேல்லை அண்ணை. ரெண்டு தரம் நாங்கள் பின்னால போய்ப் பாத்தனாங்கள், வடக்கில ஆளே இல்லை. தன்ர பாரைக் காட்டாமல் இருக்கிறதுக்குச் செய்யிற வேலை."

"அப்ப எங்க?"

வின்சன் கையை விரித்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் தெற்கு என்றார். இன்னொருவர் நேரே ஆழ்கடல் என்றார். ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. பாதுகாப்புக்கு நட்ட பலகை அன்று எங்களுக்கு வெறும் மரமாகிவிட்டது.

டொமினிக்கின் மனைவி ஜெசிந்தா வந்து நின்றாள். கையில் சோற்றுக் கோப்பை அப்படியே இருந்தது. சூசை அண்ணர் அவளிடம் கேட்கத் தொடங்க முன்னமே அவள் சொன்னாள்: "நான் கேக்கிறேல்லை அண்ணை. கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒருநாளும் கேட்டதில்லை." அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண்சாதி செய்ய வேண்டியதைத்தான் அவள் செய்திருந்தாள்.

எங்களிடம் ஒரு படகுதான். எண்ணெயும் ஒரு பக்கம் போய்த் தேடி வரத்தான் காணும். பக்கம் பிழைத்தால் பொழுதுபடுவதற்குள் கச்சான் அவர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லாருக்கும் தெரியும். 

அந்த நேரத்தில்தான் எனக்கு முருகையா அண்ணையின் போன் பழக்கம் நினைவு வந்தது. சில நாட்களுக்கு முன் அவருடைய போனில் சார்ஜ் இல்லை என்று என் போனை வாங்கிக் கமலாவோடு கதைத்திருந்தார். அந்த இலக்கம் என் போனில் இருக்கும். கரையில் இருந்த ஒருவரும் கேட்டிராத கேள்வியை ஸ்கந்தபுரத்தில் இருக்கிற அந்தப் பெண் கேட்டிருக்கலாம். அவளுக்கு எங்கள் முறை தெரியாதே.

சூசை அண்ணரிடம் சொன்னேன். "எடும் பிள்ளை," என்றார்.

"நீங்கள் கதையுங்கோ அண்ணை."

"என்ர குரல் அவவுக்குத் தெரியாது. ஆம்பிளையின்ர புதுக் குரல் கேட்டால் அந்த நிமிசமே பயந்திடுவா. நீர் கதையும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று சூசை அண்ணர் முன்பே பழக்கியிருந்தார். பயப்படாதீர்கள் என்று தொடங்கக் கூடாது. அதிலேயே பயந்துவிடுவார்கள். உண்மையின் சின்னப் பகுதியை முதலில் சொல்ல வேண்டும்.

கமலா போனை எடுத்தாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நான் முல்லைத்தீவுக் கரையில இருந்து றீற்றா. முருகையாண்ணை ஒருக்கா என்ர போனில கதைச்சவர்..."

"தெரியுங்க. வலை பொத்துற அக்காதானுங்களே. சொல்லுங்க."

"அவையின்ர படகு இன்னும் வரேல்லை. தேடிக்கொண்டு போகப்போறம். காலமை அவர் உங்களோட கதைச்சவரெல்லோ. எங்க..." அந்த இடத்தில் நாக்கு ஒட்டியது. பிறந்ததிலிருந்து வாயில் வராத கேள்வி. "எங்க போறன் எண்டு சொன்னவரோ?"

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"சொன்னாருங்க. நா தெனமும் கேப்பேன், அவரும் தெனமும் சொல்லுவாரு. தண்ணி டேங்கி மாதா கோயிலு கோபுரத்துக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிற எடமாம். அதுலதான் மீனு நெறையாம்."

"அது கரையிலயிருந்து எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ?"

"தூரம் தெரியலீங்க. கரையில இருக்கிற தென்னையெல்லாம் அருகம்புல்லு கணக்காத் தெரியும்னு சொல்லிச் சிரிச்சாரு." கொஞ்சம் நின்று கேட்டாள்: "அக்கா, அவருக்கு நீச்சல் பத்தாதுங்க."

"அங்கி போட்டிருக்கிறார். நான் கண்டனான். அவரை உங்களோட கதைக்க வைக்கிறன்."

அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் சூசை அண்ணர் சொல்லித் தந்ததுதான். ஆனால் வாய் முந்திவிட்டது.

நான் சொன்னதைச் சூசை அண்ணர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தண்ணீர்த் தாங்கி கோயிலுக்கு வடமேற்கே இருக்கிறது. அது கோபுரத்துக்குப் பின்னால் மறைய வேண்டுமென்றால் படகு தென்கிழக்கே நிற்க வேண்டும். தென்னை புல்லுப் போலத் தெரிவதென்றால் எவ்வளவு தூரம் என்று அவருக்கும் வின்சனுக்கும் விளங்கியது. வின்சன், "கள்ளன், அங்கயோ வைச்சிருக்கிறான்," என்றான். அந்த நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு சின்ன ஆசை தெரிந்தது.

சூசை அண்ணர் அதிகாரிகளுக்குத் திரும்ப எடுத்துப் பக்கத்தைத் திருத்திச் சொன்னார். "எஞ்சினுக்கு நீ வா," என்றார் வின்சனிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீரும் ஏறும். அந்தப் பிள்ளை போனில இன்னும் ஏதும் நினைச்செடுத்துச் சொல்லக்கூடும்," என்றார்.

எல்லாரும் சேர்ந்து படகைத் தள்ளக் கை வைத்தார்கள். அவர் தள்ள விடவில்லை.

"அங்கி?"

"அண்ணை, இப்பவுமோ?" என்றான் வின்சன். "அங்க ரெண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறாங்கள்."

"அங்கி?" என்றார் திரும்பவும், அதே குரலில்.

"இருக்கு," என்றேன்.

எண்ணெய், பிளக், துடுப்பு, குடி தண்ணீர். எல்லாவற்றையும் தொட்டேன். "இழுவைக் கயிறு?" என்றார். கயிறு வைக்கிற சாக்குக்குள் கையை விட்டேன். வெளியில் பார்க்கச் சாக்கு நிறைந்துதான் இருந்தது. உள்ளே இருந்தது பழைய வலைத் துண்டு.

வின்சன் சாக்கை எட்டிப் பார்த்தான். பிறகு வின்சன் மெதுவாக, "அது... கோயில் கொடிமரம் நிமித்த நான்தான் எடுத்தனான்," என்றான். சொல்லிக்கொண்டே ஓடினான். அந்தப் பருமனான உடம்போடு அவன் அவ்வளவு வேகமாக ஓடி நாங்கள் கண்டதில்லை. கயிற்றோடு வந்ததும் சூசை அண்ணர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. "இழுவைக் கயிறு?" என்று திரும்பக் கேட்டார். தொட்டேன். "இருக்கு." அதன் பிறகுதான் தள்ளினோம்.

கயிறு இல்லாமல் போயிருந்தால் அவர்களைக் கண்டும் பயன் இருந்திராது. அந்தக் காற்றில் இன்னொரு படகைக் கையால் பிடித்துக்கொண்டு வர முடியாது.

கடலுக்குள் போனதும் நான் கோபுரத்தையும் தாங்கியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட வந்தன. பிறகு தாங்கி கோபுரத்துக்குப் பின்னால் போனது. கமலா சொன்ன மாதிரியே ஒளிந்துகொண்டது. அந்த இடத்தில் படகு இல்லை. நங்கூரக் கயிறு அறுந்திருக்கும் என்று சூசை அண்ணர் ஊகித்தார். "இனிக் காற்றுப் போற பக்கம் விடு. ஓடாதை. மெதுவா," என்றார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் பக்கம் பார்க்கக் கூடாது. அது முறை. என் பக்கம் தெற்கு.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. அலைகள் ஒன்றின் பின் ஒன்றாக எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. திடீரென்று ஒரு சிவப்புத் துணி தெரிந்தது. தடியில் கட்டிய கொடி மாதிரி. கையை நீட்டிக் காட்டினேன். கண்டால் கையை இறக்கக் கூடாது, இறக்கினால் இடம் தப்பிவிடும். வின்சன் படகைத் திருப்பினான். கிட்டப் போகப் போகக் கொடி நன்றாகத் தெரிந்தது.

பிறகு அது மறைந்தது.

அலைக்குள் போயிருக்கும், அடுத்த அலையில் மேலே வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. வின்சன் மாதாவைக் கூப்பிட்டான். என் கை நீட்டியபடியே இருந்தது. கமலாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது.

அடுத்த பெரிய அலை இறங்கியபோது படகே தெரிந்தது. கவிழவில்லை. டொமினிக் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அங்கியைப் போட்டிருந்தான், வாரெல்லாம் பூட்டி. அவனும் அங்கியின் மேல் குந்தியிருக்கிற ஆள்தான், போட்டு நான் கண்டது அன்றுதான். முருகையா அண்ணை படகுக்குள் குனிந்து எதையோ அவசரமாகச் செய்துகொண்டிருந்தார்.

பிறகுதான் விளங்கியது. கொடியாகக் கட்டியது அவர் இடுப்பில் உடுத்திருந்த சாரம். வருகிற படகில் ஒரு பெண் இருப்பதைக் கண்டதும் தடியிலிருந்து கழற்றி உடுத்துக்கொண்டிருந்தார்.

சூசை அண்ணருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதுவும் மெதுவாகத்தான் வந்தது. "முருகையா, கொடியை இறக்கிறது நாங்கள் கயிறு தந்த பிறகு," என்றார்.

"அக்கா இருக்காங்களே அண்ணே. எப்படி நிக்கிறது?" என்றார் முருகையா அண்ணை. அழுகிற மாதிரி இருந்தது அவர் குரல். வின்சன் எஞ்சின் பிடியை விடாமலே சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீட்டிய கையை இறக்கலாம் என்று மட்டும் நினைவு வந்தது. இறக்கினேன்.

சூசை அண்ணர் காற்றுக்குக் கீழ்ப்பக்கத்தால் சுற்றிப் போகச் சொன்னார். எங்கள் படகு அவர்கள் மேல் மோதாமல் இருக்க அதுதான் வழி. கிட்ட வந்ததும் எஞ்சினை அடக்கிக் கயிற்றை எறிந்தார். முதல் எறியிலேயே டொமினிக் பிடித்தான். எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்றதாம். நங்கூரம் போட்டார்களாம், கயிறு கல்லில் தேய்ந்து அறுந்ததாம்.

"அண்ணை, அந்த மிதவை..." என்று டொமினிக் தொடங்கினான்.

"கயித்தைப் படகின்ர முன்னணியத்தில கட்டு. மிச்சம் கரையில," என்றார் சூசை அண்ணர்.

காற்றுக்கு எதிரே இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தோம். தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. கரை கிட்ட வந்து போன் வேலை செய்யத் தொடங்கியதும் கமலாவுக்கு எடுத்தேன். நான் கதைக்காமல் போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, இழுவைக் கயிற்றில் கொளுவிப் பின்படகுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். சூசை அண்ணர் வேண்டாம் என்று தலையாட்டினார். அதனால் போனை உயர்த்திப் பிடித்தேன். பின்னால் இருந்து முருகையா அண்ணை கத்தினார்.

"கமலா, நா வந்துட்டேன் புள்ள."

போனுக்குள் இருந்து கமலாவின் குரல் எங்கள் படகு முழுக்கக் கேட்டது. "இப்ப எங்க இருக்கீங்க?"

"மாதா கோயிலுக்கு நேரே. டேங்கி தனியா தெரியுது."

டொமினிக் அவரைத் திரும்பிப் பார்த்தான். எங்களுக்கு எப்படி இடம் தெரிந்தது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏன் முருகையாண்ணை, என்ர பாரை ஸ்கந்தபுரம் வரைக்கும் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஸ்கந்தபுரத்துல யாரு தம்பி வலை போடப் போறா?"

கரையில் ஜெசிந்தா அதே இடத்தில் நின்றாள். சோற்றுக் கோப்பையை யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். டொமினிக் இறங்கி வந்ததும் அவள் அவனுடைய அங்கி வாரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "இனி நான் கேப்பன்," என்றாள். "என்னத்தை?" என்றான் அவன். "எந்தப் பக்கத்தால வருவியள் எண்டு கேப்பன். கேக்கலாமெல்லோ அண்ணை?" என்று சூசை அண்ணரைப் பார்த்தாள். "ஓம். அது கேக்கலாம்," என்றார்.

டொமினிக்கை ஒருவரும் ஏசவில்லை. அவன் தானே பலகையடிக்குப் போய் வடக்கு வரிசையில் இருந்த மிதவையைக் கழற்றினான். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சூசை அண்ணர் அவன் பக்கத்தில் போய், "பிழை உன்னில மட்டும் இல்லை. எல்லாரும் பாக்கிற இடத்தில உன்ர பாரைச் சொல்லச் சொன்னது நான்," என்றார். அடுத்த கிழமையே பலகைக்கு முன்னால் படங்குத் துணியால் ஒரு மறைப்புக் கட்டினார். உள்ளே போய் மாட்டிவிட்டு வரலாம். பார்க்கிற ஆள் நான் ஒருத்தி மட்டும். அதன் பிறகு டொமினிக்கின் மிதவை சரியான வரிசையில் தொங்கியது. அவனுடைய பார் எங்கே என்று எனக்குத் தெரியும். வின்சனுக்கும் தெரிந்துவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே தர்சினி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அவர்கள் உங்களை நம்பாமல் இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, எந்தப் பக்கத்தால் திரும்பி வருவீர்கள் என்று போடு. பதிலைப் பார்க்கிற ஆள் ஒருவர் மட்டும் என்பதையும் அதிலேயே எழுது. இரண்டும் செய்தால் பதில் வரும். தள்ளுவதற்கு முன் தொட்டுச் சொல்வதை மட்டும் போனுக்குக் கொடுத்துவிடாதே. அது கையால் செய்கிற வேலை.

சூசை அண்ணர் இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். கடல் இல்லாத ஊர். அங்கி கதவுக்குப் பின்னால் தொங்குகிறதாம். எனக்குக் கண் தெளிந்திருக்கிறது, ஆனால் மத்தியானத்தில் பலகையைப் பார்க்க எழுந்து போகிற வேலை இப்போது எனக்கு இல்லை. சோறு நேரத்துக்கு இறங்குகிறது. நான் பார்த்த காலம் முழுவதும் கடைசியில் அந்தப் பலகை வெறுமையாகித்தான் இருக்கிறது. அதை நினைக்கும்போது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து முருகையா அண்ணை பஸ் ஏறி ஸ்கந்தபுரம் போனார். டொமினிக் எஞ்சினைக் கழற்றினான். எங்கள் கரையில் ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. பலகையில் ஒரு மிதவையும் இல்லை.